கடைசி வரிசைக்கு ஐந்து இடம் பின்னால்

ஐரோப்பாவில் மதியம் 3 மணிக்குத் தொடங்கும் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் புனேயின் ஹடப்சருக்கு மாலை ஆறரை மணிக்கு வந்து சேரும். மகர்பட்டாவைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில் கோவை, மதுரை, நாகர்கோவில் பையன்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடத்தில் போய் உட்கார்ந்தால் பந்தயத்தைவிட அதன் வழக்காடு மன்றத்தைத்தான் அதிகம் பார்க்கலாம். சம்பவம் விசாரணையில் இருப்பதாகத் திரையில் ஒரு வரி வந்துவிட்டால் போதும், கையிலிருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வக்கீல்கள் எழுந்துவிடுவார்கள். போன பந்தயத்தில் அவனுக்கு 5 விநாடி, இன்றைக்கு இவனுக்குப் பத்தா? அங்கே வெறும் எச்சரிக்கை, இங்கே அபராதமா? “ஒரு ரூல்ஸும் கெடயாதுண்ணா, ஆளப் பாத்துத்தான் அடிக்கிறாங்க.”

குற்றச்சாட்டு புதியதல்ல. 1990இல் சுஸுகாவில் அயர்டன் சென்னா முதல் வளைவிலேயே அலென் ப்ரோஸ்ட்டின் காரில் மோதி, இருவரையும் பந்தயத்திலிருந்து வெளியேற்றி, அப்படியே உலகச் சாம்பியன் ஆனார். தண்டனை ஏதும் இல்லை. வேண்டுமென்றே செய்ததுதான் என்று மறு ஆண்டு அவரே சொன்னார். 1997இல் ஹெரெஸில் மைக்கேல் ஷூமாக்கர் ஜாக் வில்நவ்வின் பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தார். அந்த ஆண்டின் தரவரிசையிலிருந்தே அவர் பெயரை நீக்கினார்கள். ஆனால் அதில் அவர் இழந்தது இரண்டாம் இடம். பட்டத்துக்காக அப்படியொரு காரியத்துக்குத் துணிந்தவர் இரண்டாம் இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்? ரசிகர்கள் இத்தகைய வழக்குகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். 2021 அபுதாபி சர்ச்சையை நான் இங்கே எடுக்கப்போவதில்லை, எடுத்தால் கட்டுரை முடியாது. அதிலிருந்து ஒரே ஒரு சங்கதி மட்டும் பின்னால் வரும்.

கவனித்தால், இந்த வழக்குகள் அனைத்தும் முதல் நான்கைந்து கார்களைப் பற்றியவை. பந்தயத்தில் ஓடும் மற்ற கார்களுக்கு வக்கீல் கிடையாது. எனக்கு இந்த விஷயத்தில் ஒரு சாய்வு உண்டு. அதை ஒளிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போனவர்கள் கோவையின் நரேன் கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும். இந்தியாவிலிருந்தே போனவர்கள் இவர்கள் இருவர்தான். இருவரும் பெரும்பாலும் கடைசி வரிசைக் கார்களையே ஓட்டினார்கள். ஆகவே தண்டனை என்ற விஷயத்தை நான் கடைசி வரிசையிலிருந்து பார்க்கப் பழகிவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் காட்சி வேறாக இருக்கிறது.

2012 மார்ச் 25, மலேசியாவின் செப்பாங். நரேன் ஓட்டியது ஸ்பெயினின் ஹெச்ஆர்டி அணியின் கார். முந்தைய வாரம் மெல்போர்னில் அந்த அணியின் இரண்டு கார்களும் தகுதிச்சுற்றில் குறைந்தபட்ச வேகத்தைக்கூட எட்டாததால் பந்தயத்திலேயே கலந்துகொள்ள முடியவில்லை. அப்படிப்பட்ட கார். செப்பாங்கில் மழை மிரட்டியது. பெரும்பாலான அணிகள் ஈரத்துக்கும் உலர்வுக்கும் இடைப்பட்ட டயரில் கிளம்ப, இழக்க ஒன்றுமில்லாத ஹெச்ஆர்டி முழு மழை டயரோடு கிளம்பியது. மழை கொட்டியது. மற்றவர்கள் டயர் மாற்ற ஒதுங்க ஒதுங்க, பின்வரிசையிலிருந்து புறப்பட்ட நரேன் பத்தாம் இடத்தில் இருந்தார். அந்த நிலையில்தான் சிவப்புக்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக அவரை விழுங்கின. ஜென்சன் பட்டன் ஒரு வளைவில் பிரேக் பிடிக்க முடியாமல் நரேன்மீது மோதித் தன் காரின் முன்சிறகை உடைத்துக்கொண்டார். பட்டன் கண்ணியமானவர், தப்பு தன்மேல்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

அடுத்தது செபாஸ்டியன் வெட்டல். முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன், அப்போது நான்காம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த நரேனைக் கடந்தார். கடந்து முடிக்கும் முன்னரே பந்தயக் கோட்டுக்குத் திரும்பியதாகப் பலருக்குத் தோன்றியது. நரேனின் முன்சிறகு வெட்டலின் இடது பின் டயரைக் கிழித்தது. வெட்டல் பதினோராம் இடத்தில் முடித்தார்; ஒரு புள்ளிகூட இல்லை. பந்தயம் முடிந்து ஒலிவாங்கிகளின் முன்னால், சாலையில் இருப்பதுபோலவே பந்தயத் தடத்திலும் சில வெள்ளரிக்காய்கள் உண்டு என்ற பொருளில் ஏதோ சொன்னார். நடுவர்கள் நரேனின் நேரத்தோடு 20 விநாடியைக் கூட்டினார்கள். முடிவுப் பட்டியலில் அவருக்கு 22ஆம் இடம்.

அந்த 20 விநாடி அவரிடமிருந்து பெரிதாக எதையும் பறிக்கவில்லை. பறிக்கப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. புள்ளி கிடையாது, பரிசுத்தொகை மாறாது. அப்படியானால் எதற்காக ஒரு தண்டனை? பழி யார்மேல் என்று பதிவேட்டில் எழுதி வைப்பதற்காக. ஒரு சுற்றுப் பின்தங்கிய காரைக் கடந்துபோகும்போது இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு. முன்னால் போகிறவர் நீலக்கொடியைப் பார்த்ததும் வழிவிட வேண்டும். கடக்கிறவர் முழுசாகக் கடந்த பிறகே குறுக்கே வர வேண்டும். அன்று நரேன் பந்தயக் கோட்டை விட்டுவிட்டு ஓரத்தின் ஈரத்துக்கு ஒதுங்கியிருந்தார். எனக்குக் கிடைத்த எல்லாக் கோணங்களிலும் அந்தப் பதிவைப் பார்த்திருக்கிறேன். இருவர்மேலும் பாதிப்பாதி என்பதுதான் என் கணக்கு. நான் தமிழன் என்பதால் அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். அப்போதும் ஒருவர்மேல் முழுப்பழி என்பதற்கு வழியில்லை.

அதே ஆண்டு ஜூலையில் ஹாக்கன்ஹைம். கடைசிக்கு முந்தைய சுற்றில் வெட்டல், தடத்துக்கு வெளியே போய் பட்டனை முந்தினார். நடுவர்கள் அவருக்கும் அதே 20 விநாடியைக் கொடுத்தார்கள். இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறங்கினார். 18 புள்ளி 10 ஆனது. ஆண்டு முடிவில் அவர் ஃபெர்னாண்டோ அலான்ஸோவை வென்றது 281க்கு 278, மூன்றே புள்ளியில். ஆக ஒரே ஆண்டில், ஒரே எண்: இருபது. ஒருவருக்குச் சுழியம், இன்னொருவருக்கு 8 புள்ளி, கிட்டத்தட்ட ஒரு பட்டம். நம் கூடத்து வக்கீல்கள் கேட்கும் சீர்மை இங்கே நூற்றுக்கு நூறு இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, சட்டம் பெரியவனைத்தான் அதிகம் கடிக்கிறது என்றுகூட ஒருவர் வாதாடலாம்.

வாதம் 2021 ஜூலை 18 வரை தாங்கும். சில்வர்ஸ்டோனில் முதல் சுற்றிலேயே லூயிஸ் ஹாமில்டனும் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் உரசினார்கள். வெர்ஸ்டாப்பன் 51 ஜி விசையோடு தடுப்பில் மோதி மருத்துவமனைக்குப் போனார். பழி பெரிதும் ஹாமில்டன்மேல் என்று தீர்ப்பு, 10 விநாடி. டயர் மாற்ற நிற்கும்போது அந்தப் பத்தையும் கழித்துவிட்டு ஓடிய ஹாமில்டன், 52 சுற்றுப் பந்தயத்தின் 50ஆம் சுற்றில் ஷார்ல் லெக்லேரைக் கடந்து வெற்றி பெற்றார். வேகமான காருக்குப் 10 விநாடி என்பது திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடிய கடன். நடுத்தரக் காருக்கு அதுவே அன்றைய பிழைப்பு. கடைசிக் காருக்கு ஒன்றுமில்லை. தண்டனை விநாடியில் அளக்கப்படுகிறது. விழுவதோ ஒவ்வொருவர் வசதிக்கும் ஏற்ற கனத்தில்.

சில்வர்ஸ்டோன் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. செயலைப் பார், விளைவைப் பார்க்காதே. இது அணித் தலைவர்களே கேட்டு வாங்கியது என்று அப்போதைய பந்தய இயக்குநர் மைக்கேல் மாசி சொன்னார். கொள்கை நல்லது. ஒரே உரசலில் ஒரு கார் சும்மா தடுமாறும், இன்னொரு கார் கவிழும். அது அதிர்ஷ்டம், அதற்கு ஓட்டுநரை ஏன் அடிக்க வேண்டும்? நான் ஏற்கிறேன். ஆனால் 2012 செப்டம்பரில் பெல்ஜியத்தின் ஸ்பாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். தொடக்கத்திலேயே ரோமன் க்ரோஷான், ஹாமில்டனை இடித்து ஒரு தொடர் விபத்தை உண்டாக்கினார். அலான்ஸோவின் தலைக்கு மேல் கார் பறந்தது. க்ரோஷானுக்கு அடுத்த பந்தயத்தில் தடை, 50,000 யூரோ அபராதம். அந்தத் தண்டனைக்குக் காரணம் சொல்லும்போது நடுவர்கள், பட்டப் போட்டியின் முன்னணியாளர்கள் சிலர் பந்தயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டதையும் குறிப்பில் எழுதினார்கள்.

அந்த ஒரு வரியில் எனக்குச் செப்பாங் முழுக்கத் தெளிந்தது. விளைவைப் பார்ப்பதுகூட மன்னிக்கக்கூடியது. அடிபட்டவரின் தரவரிசையைப் பார்ப்பது வேறு ரகம். க்ரோஷான் அன்று இரண்டு கடைசி வரிசைக் கார்களைத் தகர்த்திருந்தால் அந்த வாக்கியம் எழுதப்பட்டிருக்காது. பட்டன் நரேனை இடித்தால் அது பட்டனுடைய துரதிர்ஷ்டம். நரேனும் வெட்டலும் உரசினால் அது வழக்கு. பந்தய உலகில் யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை என்றே நம்புகிறேன். நடுவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வலர்கள், பந்தயத்தை நேசிப்பவர்கள். ஆனால் முன்னால் ஓடுகிறவர்களைத்தான் எல்லாக் கேமராவும் பார்க்கிறது, எல்லா வாயும் பேசுகிறது. எதைப் பார்க்கிறோமோ அதற்கு நேர்ந்ததுதான் பெரிய இழப்பாகத் தெரியும்.

இந்தியாவிலேயே இதன் இரண்டு முனைகளும் இருந்தன. கிரேட்டர் நொய்டாவின் புத்தா பந்தயத் தடத்தில் 2011 முதல் மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் நடந்தது. முதல் ஆண்டு தகுதிச்சுற்றில் ஷூமாக்கரின் பாதையை மறித்ததாக நரேனுக்கு 5 இடம் பின்தள்ளும் தண்டனை கிடைத்தது. மொத்தம் 24 கார். கடைசி வரிசைகளில் நிற்கும் ஒருவரை ஐந்து இடம் பின்னால் தள்ள வேண்டுமென்றால் தடத்தைவிட்டு வெளியே, ஜேபி நிறுவனம் கட்டிய பார்வையாளர் மேடைக்குப் பின்னால்தான் நிறுத்த வேண்டும். சொந்த நாட்டில் நடக்கும் முதல் பந்தயத்தில் இப்படியொரு தண்டனையை வாங்கியவர், மறுநாள் 17ஆம் இடத்தில் முடித்தார். அதே அணியின் அதே காரை ஓட்டிய டேனியல் ரிக்கார்டோ அவருக்குப் பின்னால் வந்தார். பின்னாளில் எட்டுப் பந்தயங்களை வென்ற ரிக்கார்டோவேதான்.

மறுமுனை, 2013 அக்டோபர் 27. வெட்டல் அங்கே வென்று நான்காவது முறையாக உலகச் சாம்பியன் ஆனார். பந்தயம் முடிந்ததும் கார் நேராகப் பரிசோதனை இடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. அவர் பிரதான மேடைக்கு எதிரில் நிறுத்தி, டயர் புகையப் புகைய வட்டமடித்தார். இறங்கிக் காருக்கு மண்டியிட்டார். கம்பிவேலியில் ஏறிக் கையுறைகளைக் கூட்டத்துக்குள் வீசினார். நடுவர்கள் அவரைக் கண்டித்தார்கள். ரெட் புல் அணிக்கு 25,000 யூரோ அபராதம் போட்டார்கள். அன்றைய மதிப்பில் இருபது லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். அந்த மேடையிலிருந்த இந்தியர்களில் எத்தனை பேர் அந்தத் தொகையை ஆண்டுச் சம்பளமாகப் பார்த்திருப்பார்கள்? ரெட் புல்லுக்கு அது ஒரு விளம்பரத்தின் விலைகூட இல்லை. அந்தப் புகைப்படம் உலகமெங்கும் போனது. 2018இல் அபுதாபியில் ஹாமில்டன், வெட்டல், அலான்ஸோ மூவரும் சேர்ந்து பிரதான நேர்தடத்தில் அதே வட்டத்தை அடித்தார்கள். அதற்குத் தண்டனை இல்லை. அலான்ஸோவுக்கு அது வழியனுப்பு விழா. எனக்கும் பார்க்கப் பிடித்திருந்தது. விதியைத் தளர்த்தியதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது எந்த வரிசைக்காரர்களுக்காகத் தளர்ந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறேன்.

பணத்தை வைத்துத் தண்டிப்பதில் இந்தக் கோணல் எளிதில் தெரியும். பின்லாந்தில் வேக மீறலுக்கான அபராதம் வருமானத்தைப் பொறுத்தது. 2023இல் அந்நாட்டின் ஆலந்து தீவில், 50 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 82இல் போன ஒரு தொழிலதிபர் 121,000 யூரோ கட்டினார். அதே ஆண்டு சர்வதேச கார் பந்தயக் கூட்டமைப்பும் தன் உச்ச அபராதத்தை இரண்டரை லட்சம் யூரோவிலிருந்து பத்து லட்சமாக உயர்த்தியது. உச்சம் உயர்ந்ததே தவிர, யாருடைய வருமானத்தில் எத்தனை பங்கு என்ற கேள்வி அங்கே எழவில்லை. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவதைத் தண்டிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சோலாப்பூர் சாலையில் நள்ளிரவில் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு முறுக்கும் பையனுக்கும், கோடி ரூபாய் காரில் முறுக்கும் பையனுக்கும் அதே ஐயாயிரம்தான்.

ஹடப்சரிலிருந்து முண்ட்வா வழியாக ஆற்றைக் கடந்தால் கல்யாணி நகர். 2024 மே 19 அதிகாலை அங்கே ஒரு போர்ஷே கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் பதினெட்டு நிறையாதவர். காருக்கு நம்பர் பிளேட் இல்லை. 1,758 ரூபாய் கட்டணம் செலுத்தாததால் பதிவு முடியாமல் கிடந்த கார் என்று செய்தி வந்தது. அன்றைக்கே சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து குறித்து 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது. ஊர் கொதித்தது. மூன்று நாளில் வாரியம் தன் உத்தரவை மாற்றி அவரைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. ஜூன் 25இல் பம்பாய் உயர் நீதிமன்றம், அப்படி அனுப்பியது சட்டப்படி செல்லாது என்று விடுவித்தது.

நான் இதில் சட்டத்தின் பக்கம் ஓரளவு நிற்கிறேன் என்று சொன்னால் பக்கத்து வீட்டார்கூடக் கோபிப்பார்கள். ஜாமீன் நிபந்தனை என்பது தண்டனை அல்ல. சிறாரைச் சீர்திருத்தத்தான் அந்தச் சட்டம், பழிவாங்க அல்ல. 300 சொல் என்பதைக் கேட்டுச் சிரித்தவர்கள், கூடவே போக்குவரத்துப் போலீஸாருடன் பதினைந்து நாள் வேலை, மனநல ஆலோசனை ஆகிய நிபந்தனைகளும் இருந்ததை மறந்தார்கள். ஆனால் கொதிப்பின் அடியில் இருந்த கேள்வி நியாயமானது. ஒரு லாரி கிளீனர் பையன் அதே வயதில் அதே காரியத்தைச் செய்திருந்தால், அதே ஞாயிற்றுக்கிழமையில் அவனுக்காக வாரியம் கூடியிருக்குமா? மென்மையான சட்டம் குற்றமில்லை. மென்மை சிலருக்கு மட்டும் விடுமுறை நாளிலும் வேலை செய்வதுதான் உறுத்துகிறது.

தமிழனுக்கு இந்த இடத்தில் திருவாரூர் நினைவுக்கு வராமல் போகாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலையே உண்டு. தேரேறிக் கன்றைக் கொன்ற இளவரசனைத் தேர்க்காலிலேயே இட்ட கதையை நாம் பள்ளியில் நீதியின் உச்சமாகப் படித்தோம். பெரியபுராணத்தில் இடையில் ஒருவர் வருகிறார். இளவரசன்மேல் தேரை ஓட்டும்படி அரசன் ஓர் அமைச்சருக்குக் கட்டளையிட, அவர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரையே விடுகிறார். கன்றுக்கும் இளவரசனுக்கும் நடுவே சரியாகச் சமன்செய்த அந்தக் கணக்கில் அமைச்சர் எந்தப் பக்கத்தில் வருகிறார்? சேக்கிழார் கடைசியில் இறைவனை வரவழைத்து மூவரையும் எழுப்பிவிடுகிறார். பந்தய நடுவர்களுக்கு அந்த வசதி இல்லை.

என்றாலும் சீர்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லப்போனால் அதன் தேவை கடைசி வரிசைக்காரனுக்குத்தான் மற்றவர்களைவிட அதிகம். எண் மாறாமல் எழுதி வைக்கப்பட்டிருந்தால் அவன் அதைச் சுட்டிக்காட்டவாவது முடியும். நடுவரின் விருப்பத்துக்கு விடப்படும் இடமெல்லாம் பேசத் தெரிந்தவனுக்குப் போகும். அபுதாபி 2021 பற்றி ஒரே சங்கதி என்றேனே, அது இதுதான்: அந்த ஆண்டு அணித் தலைவர்கள் பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தய இயக்குநரை வானொலியில் நேரடியாகக் கூப்பிட்டு வாதாடியதை உலகமே கேட்டது. நாம் கேட்டது பட்டத்துக்கு மோதிய இரண்டு அணிகளின் குரல்களை. அடுத்த ஆண்டு அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை நான் ஹடப்சர் வழியே போகும் பல்லக்கு ஊர்வலத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆஷாட ஏகாதசியை ஒட்டி, மராட்டிய ஞானியரான ஞானேஸ்வரரின் பல்லக்கும் துக்காராமின் பல்லக்கும் புனேவிலிருந்து பந்தர்பூருக்குக் கிளம்பி, ஹடப்சர் வந்து பிரியும். ஒன்று திவே காட் ஏறிச் சாஸ்வட் பக்கம், மற்றது சோலாப்பூர் சாலையில் லோணி காள்போர் பக்கம். அன்றைக்குக் காடிதள் நாற்சந்தியில் வாகனம் எதுவும் நகராது; நகர வேண்டும் என்று யாரும் நினைப்பதும் இல்லை. ஞானேஸ்வரரின் பல்லக்கோடு போகும் பக்தர் குழுக்களுக்குத் திண்டி என்று பெயர். ஒவ்வொரு திண்டிக்கும் ஓர் எண், ரதத்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஓர் இடம். அந்த வரிசை, ஊர்வலத்தை ஒழுங்குபடுத்திய ஹைபத்பாபா ஆர்ஃபள்கர் காலத்திலிருந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து, வருகிற ஏற்பாடு. லட்சக்கணக்கானவர்கள் நடக்கும்போது முந்துவதும் இடிப்பதும் இல்லாமல் இருக்குமா? மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் எல்லாத் திண்டிகளும் பல்லக்கைச் சுற்றி நிற்கும். ஊர்வலத்தின் ஒழுங்கைப் பார்க்கும் சோப்தார் தன் செங்கோலை உயர்த்தினால் தாளங்கள் அடங்கிவிட வேண்டும். குறை இருக்கும் திண்டி மட்டும் அடங்காமல் தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் அங்கே போய் விசாரித்துவிட்டு வந்த பிறகே ஆரத்தி. மற்ற எல்லோரும் வாய்மூடி நிற்க வேண்டிய நேரத்தில் ஒலிப்பதால், ரதத்திலிருந்து வெகுதூரம் பின்னால் நடக்கும் சின்னத் திண்டியின் தாளமும் கேட்டே தீரும். செப்பாங்கில் அன்று மாலை யாருடைய ஒலிவாங்கி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை எண்ணிப்பார்க்கிறேன்.

ஃபார்முலா ஒன் தன் வழியில் சிலவற்றைச் சரிசெய்துதான் வருகிறது. 2010 முதல் நடுவர் குழுவில் ஒரு முன்னாள் ஓட்டுநரும் இருக்கிறார். 2014 முதல் தண்டனைப் புள்ளிகள். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. அதன்படி முதலில் தடைபட்டவர் 2024இல் ஹாஸ் அணியின் கெவின் மேக்னுஸன். பட்டத்துக்குப் போட்டியிடும் யாரும் இதுவரை அந்தப் பன்னிரண்டைத் தொடவில்லை. 2025 ஸ்பெயின் பந்தயத்தில் ஜார்ஜ் ரஸ்ஸலை இடித்த வெர்ஸ்டாப்பன் பதினொன்றில் வந்து நின்றார். அதே ஆண்டு ஜூன் மாதம், எந்தக் குற்றத்துக்கு எத்தனை விநாடி என்று நடுவர்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டிப் பட்டியலைக் கூட்டமைப்பு பொதுவெளியில் வெளியிட்டது. கூடத்து வக்கீல்களுக்கு அது அரசியல் சாசனம் கிடைத்த மாதிரி. சத்தம் அதனால் குறைந்துவிடவில்லை. இப்போது பக்க எண் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

விசித்திரமான தண்டனைகளும் உண்டு. 2018இல் பிரேசிலில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த எஸ்டெபான் ஓகோன் அந்தச் சுற்றை மீட்க முயன்று, முன்னணியில் இருந்த வெர்ஸ்டாப்பனை இடித்தார், வெற்றி பறிபோனது. பின்தங்கிய காரும் வேகம் இருந்தால் முந்தலாம், விதி தடுப்பதில்லை. ஆனால் இடித்ததற்கு ஓகோனுக்கு 10 விநாடி நின்றுபோகும் தண்டனை. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பந்தயம் முடிந்து எடை பார்க்கும் இடத்தில் வெர்ஸ்டாப்பன் ஓகோனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அதற்கு இரண்டு நாள் பொதுச்சேவை. 2024 சிங்கப்பூரில் செய்தியாளர் சந்திப்பில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதற்கும் அவருக்கு மறுபடி பொதுச்சேவை. ருவாண்டாவின் கிகாலிக்குப் போய்ச் செய்தார். சில வாரங்களில் மெக்ஸிகோவில் அதே மாதிரி வாய்தவறிய லெக்லேருக்கு 10,000 யூரோ, அதில் பாதி நிறுத்திவைப்பு. ஆளைத் தள்ளுவதும் வசைச்சொல் பேசுவதும் ஒரே தட்டில். ஒரே வசைக்கு இரண்டு தட்டு. சீர்மை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அந்த 2018 பொதுச்சேவையில் ஒரு நாளை வெர்ஸ்டாப்பன் எப்படிக் கழித்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. மொராக்கோவின் மராகேஷில் நடந்த ஃபார்முலா ஈ பந்தயத்தில் நடுவர்களோடு உட்கார வைத்தார்கள். தீர்ப்புச் சொல்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதை உட்கார்ந்து பார்ப்பதே தண்டனை. வெட்டலுக்கும் அப்படியொரு நாள் 2012இல் கிடைத்திருக்கலாம். 2019இல் கனடாவில் முதலில் கோட்டைக் கடந்தும் 5 விநாடித் தண்டனையால் வெற்றியை இழந்தபோது, ஹாமில்டனின் காருக்கு முன்னால் இருந்த 1ஆம் எண் பலகையைத் தூக்கித் தன் இடத்துக்கு மாற்றிவைத்தார் அவர். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நானும் அன்று அவர் பக்கம்தான். இருந்தாலும், 22ஆம் எண்ணுக்கு யாரும் பலகை வைப்பதில்லை என்பது எனக்குத் தோன்றாமல் இல்லை.

முன்னாள் ஓட்டுநர் ஒருவர் நடுவராக உட்காருவதில் நான் கேட்பது, சாம்பியன்களை மட்டும் கூப்பிடாதீர்கள் என்பதுதான். ஒருவிதத்தில் அது நடந்தும் இருக்கிறது. 2011 இந்தியப் பந்தயத்தில் நரேன் ஓட்டுவதற்காக ஹெச்ஆர்டி அணியில் தன் இருக்கையை விட்டு ஒதுங்க வேண்டியிருந்தவர் இத்தாலியின் விட்டான்டோனியோ லியுஸி. அந்தக் காரை அந்த ஆண்டின் பெரும்பகுதி கடைசி வரிசைகளிலேயே ஓட்டியவர். இப்போது பல பந்தயங்களில் ஓட்டுநர்-நடுவர் நாற்காலியில் உட்காருகிறவர்களில் அவரும் ஒருவர். அவர் இருக்கும் அறையிலிருந்து எல்லாத் தீர்ப்பும் நேராக வருகிறது என்று சொல்லமாட்டேன். ஹடப்சர் வக்கீல்கள் அவரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் பக்கக் கண்ணாடியில் ஒரு சாம்பியனின் கார் பெரிதாகிக்கொண்டே வரும்போது, ஈரத்தில் ஒரு சக்கரத்தை இறக்கிக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஒதுங்க முடியும் என்பது அந்த அறையில் ஒருவருக்காவது கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கும்.